ஆர்டர் போடாத சரக்கு

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். மருந்து மொத்தக் கடையிலிருந்து பேசிய தப்ரேஸ், என் மனைவியை நான் என்று நினைத்துவிட்டான்.

காலடிப்பேட்டையில் எங்கள் மெடிக்கல் ஷாப். நான் மருந்து எடுத்துக் கொடுப்பேன். தீர்ந்துபோனவற்றைப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருக்கும் அந்த மொத்தக் கடைக்குப் போனில் சொல்வது என் மனைவி ராமசெல்வியின் வேலை. பதினொரு வருடமாக இதுதான் ஏற்பாடு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கையால் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே பேசுவாள்.

"பாராசிட்டமால் அறுநூத்தம்பது, அஞ்சு பாக்ஸ். இன்ஹேலர் ரெண்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சுண்ணே. அண்ணே, அக்கா ஊருக்குப் போய்க்கீதா? ஒரு மாசமா நீயே பேசிக்கினு கீற."

அவள் கையிலிருந்த இருமல் மருந்து பாட்டில் அலமாரிக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"ஒரே ஒரு நிமிசம் அக்காகிட்ட குடுண்ணே. எனுக்குப் பொண்ணு பொறந்துகீது. அக்காகிட்டதான் மொதல்ல சொல்லணும். உன்கிட்ட சொன்னா கொயந்த எப்டி பொறக்குதுன்னு கிளாஸ் எடுப்ப நீ."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். ராமசெல்வி போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. அக்காகிட்ட பேசணுமாம்."

அப்போதுதான் எனக்கே கேட்டது. தினமும் பக்கத்தில் இருந்ததால் என் காது கவனிக்காமல் விட்ட ஒன்று. தொண்டையின் அடியிலிருந்து வந்தது அந்தக் குரல். அது ஓர் ஆணின் குரல்.

தப்ரேஸ் என்னைக் கிண்டல் செய்தது நியாயம்தான். எனக்கு விளக்கிச் சொல்வது பிடிக்கும். வயிற்றெரிச்சல் மாத்திரையை ஏன் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், பிரஷர் மாத்திரை ரத்தக் குழாயை எப்படித் தளர்த்துகிறது என்றெல்லாம் சொல்லித்தான் மருந்தைக் கையில் கொடுப்பேன். லாரி டிரைவர்கள் எஞ்சினை ஓடவிட்டபடி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றைப் பற்றி மட்டும் யாரிடமும் விளக்கியதில்லை. செட்.

எங்கள் பக்கத்தில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடைக்கு வந்து, "இடுப்பு வலிக்கு ஒரு செட்டு குடு" என்பார்கள். நான்கு அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். கத்தரிப்பதற்கு ஒரு முறை உண்டு. பெயரும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும் ஓரத்தை விட்டுவிட்டு எதிர் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும். கடைசி மாத்திரை வரை தேதி கடைக்காரனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. இதனால் பெயர் எப்போதும் எங்களிடம் தங்கிவிடும். வாங்குகிறவர் கைக்குப் போவது வெறும் வெள்ளித்தாள். அந்த நான்கில் ஒன்று சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. வலி ஒரே நாளில் குறைந்து, மறுபடி எங்கள் கடைக்கே வர வைப்பது அதுதான்.

போன டிசம்பரில், மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் நெடி பனியோடு சேர்ந்து இறங்கிய நாட்களில், ராமசெல்விக்கு மூச்சிரைப்பு வந்தது. ஏழு வாரம், விட்டுவிட்டு, அவளுக்கும் அதே மாதிரி கத்தரித்து மடித்துக் கொடுத்தேன். என்ன மாத்திரை என்று அவள் கேட்கவில்லை. சொந்தக் கடையில் யார் கேட்பார்கள்? ஜனவரிக் கடைசியில் மூச்சு சீரானது. நிறுத்தினேன். பிப்ரவரி முடிவதற்குள் அவள் முகம் உருண்டையாகிவிட்டது.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு அதிகமானால் கொழுப்பு இடம் மாறும். கை காலிலிருந்து கரைந்து முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் போய் உட்காரும். கன்னம் சிவக்கும். தோல் மெலிந்து லேசாகத் தட்டினாலே கன்றும். இவையெல்லாம் அவளிடம் ஒவ்வொன்றாக வந்தன. நான் ஒரு மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் மனதுக்குள் சரி போட்டுக்கொண்டேன். நான் கொடுத்தேன், அதனால் வந்தது, நிறுத்திவிட்டேன், தானாகப் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

போகவில்லை. ஏப்ரலில் மாதவிடாய் நின்றது. "டாக்டரைப் பார்ப்போமாங்க?" என்றாள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும். "வெயில் குறையட்டும், தைராய்டா இருக்கும், காலையில கொஞ்சம் நட," என்றேன். நடந்தாள். ஒரு வாரம் தேரடி வரை போய்வந்தாள். பிறகு தொடையில் பலமில்லை என்று நிறுத்திவிட்டாள்.

ஜூனில் ஒரு காலை, சவரம் செய்யும்போது பிளேடு கன்னத்தை இழுத்தது. முதல் நாள்தான் புது பிளேடு மாட்டியிருந்தேன். பிளேடு மழுங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். முடி பிளேடைவிட மென்மையானதுதான், ஆனாலும் முரட்டு முடியின்மேல் சாய்ந்து சாய்ந்து படும்போது அதன் விளிம்பு மிகச் சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயரும். ஒரு சவரத்தில் அது நடக்காது. யாரோ அதில் நிறைய முடியை வெட்டியிருக்கிறார்கள். அன்று மதியம் அவள் தூங்கும்போது மோவாயைப் பார்த்தேன். வெட்டின இடத்தில் கருநீலமாக, என்னுடையதைப் போலவே, அடர்த்தியாக இருந்தது.

அதிர்ந்துபோய்க் கடைக்கு இறங்கி, அந்த வெள்ளை மாத்திரை டப்பாவிலிருந்த துண்டுச்சீட்டைப் பிரித்துப் படித்தேன். பக்கவிளைவுகள் பட்டியலில், கீழே, 'முகத்தில் ரோமம்' என்று இருந்தது. பட்டியலில் இருந்ததால் நிம்மதியானேன். இதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. மனைவிக்குத் தாடி முளைக்கிறது, நான் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

தப்ரேஸ் பேசிய அதே நாள் சாயங்காலம், நெட்டுக்குப்பத்திலிருந்து சிவந்தி வந்தாள். கழிமுகத்தில் மீன்பிடிக்கும் குடும்பம். மாதம் ஒருமுறை வருவாள்.

"இன்னா மெடிக்கலு, எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு புட்ச்சிகிச்சு. எப்பவும் குடுப்பியே, அந்த செட்டு ரெண்டு நாளைக்கிக் குடு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், ராமசெல்வியைக் கண்டு வாயில் கை வைத்தாள். "யம்மாடி! இன்னாக்கா இது, மூஞ்சி இப்டி ஊதிக்கினு கீது? அடையாளமே தெர்ல."

"உடம்பு சரியில்ல," என்றாள் ராமசெல்வி.

குரலைக் கேட்டு சிவந்தி என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "எங்க நாத்தனாரும் இப்டிதான் ஊதிக்கினா. மூணு மாசம் கடை செட்டு துன்னா. பெரியாஸ்பத்திரில டாக்டரம்மா இன்னா திட்டு திட்னாங்க தெரியுமா? ஏன்கா, நீயும் இவரு செட்டுதான் துன்னியா? சொந்தப் பொண்டாட்டிக்கே கத்திரி போட்டியா மெடிக்கலு?"

அவள் பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். செட் கொடுக்காமலே அவளை அனுப்பிவிட்டேன். 

ராமசெல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கோபம் வந்தால்தான் ஊர்ப் பேச்சு வரும்.

"எனக்கு அந்தப் பொட்டலத்துல என்ன வச்சுக் குடுத்திய?"

"வீசிங்குக்கு உள்ளதுதான்."

"பேரு சொல்லுங்க."

ஆயிரம் மருந்துகளின் பெயர் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான். அந்த ஒரு பெயர் வாயில் வரவில்லை.

"வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள். "நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

போனேன். அரசு மருத்துவமனையில் வியாழன்தோறும் ஹார்மோன் பிரிவு உண்டு. டாக்டர் இஷ்ரத் என்று ஒருவர் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். எதுவும் கேட்பதற்கு முன் ராமசெல்வியைத் தரையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். பிறகு கை ஊன்றாமல் எழச் சொன்னார்.

அவளால் முடியவில்லை. இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை மேசைக் காலைப் பிடித்தாள். முப்பத்தாறு வயது. தொடைச் சதை அவ்வளவு கரைந்திருந்தது. இதைக்கூட நான் வீட்டில் பார்த்ததில்லை. வயிற்றைப் பார்த்தார் டாக்டர். விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். உச்சந்தலையில் முடி விலகித் தோல் தெரிந்தது. மோவாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஷேவ் பண்றீங்களாம்மா?"

"தினமும்."

"ஏதாவது மாத்திரை, பொடி, நாட்டு மருந்து?"

ராமசெல்வி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். செட், ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எப்போது நிறுத்தினேன். எட்டு மாதமாக ஒளித்து வைத்திருந்ததெல்லாம். "என்னாலதான் டாக்டர் இது. அவளுக்குத் தெரியாது. நான்தான் மறைச்சேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"கடைசி மாத்திரை ஜனவரியிலயா? அப்ப இது உங்க மாத்திரையால வந்ததில்ல."

"இல்லையா?"

"ஸ்டீராய்டால வர்ற ரோமம் பூனைமுடி மாதிரி இருக்கும். இது தாடி. குரலும் உடைஞ்சிருக்கு. இது வேற. நீங்க செட் குடுத்தது தப்புதான், அத அப்புறம் பேசுவோம். முதல்ல இந்த ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுங்க. ஸ்கேனும் இன்னைக்கே."

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் செய்யவில்லை. வராந்தாவில் பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன்.

"என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள். "உங்க மாத்திரை இல்லன்னா பெறகு எதனால?"

விளக்கம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஆரம்பித்துவிட்டேன்.

"நம்ம கடைய வச்சே சொல்றேன் பாரு. அலமாரி நெறைஞ்சிருந்தா நீ தப்ரேஸுக்குப் போன் பண்ணுவியா?"

"மாட்டேன்."

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அது நீ. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கு. அது தப்ரேஸோட குடோன். ரத்தத்துல கார்ட்டிசால்னு ஒரு சரக்கு கொறைஞ்சா நீ ஆர்டர் போடுவ, குடோன் அனுப்பும். ஸ்டீராய்டு மாத்திரைங்கிறது அதே சரக்கோட நகல். நான் வெளியிலேருந்து அதக் குடுத்தா அலமாரி நெறைஞ்சிடும். நீ ஆர்டரை நிறுத்திடுவ. குடோன்ல எல்லாரும் படுத்துத் தூங்கிடுவாங்க."

"சரி."

"அதே குடோன்லதான் ஆம்பள ஹார்மோனும் தயாராகுது. எல்லாப் பொம்பளைக்கும் கொஞ்சம் உண்டு. அதுவும் அதே ஆர்டருக்குத்தான் ஓடும். குடோன் தூங்கினா அதுவும் நிக்கும். அதனால என் மாத்திரையால உடம்பு ஊதலாமே தவிர, தாடி மொளைக்காது. இன்னும் சொல்லப்போனா அந்த ஹார்மோன் கொறையணும்." பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம்கூட நினைவுக்கு வந்தது. இரண்டாம் வருடம், இடப்பக்கம், படத்தோடு. "தாடியப் பாத்தவுடனே எனக்குப் புரிஞ்சிருக்கணும். தாடி இருந்தா குடோன் தூங்கலன்னு அர்த்தம். குடோன் ஓடுது. ராத்திரி பகலா ஓடுது. அலமாரி நெறைஞ்சு வழியுது, ஆர்டரே இல்ல, ஆனாலும் அது பாட்டுக்கு ரெண்டு சரக்கையும்..."

நிறுத்திவிட்டேன். என் வாயே எனக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ராமசெல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடம் ஆர்டர் போட்டவள் அவள்.

"ஆர்டர் போடாம குடோனுக்குள்ள யாருங்க சரக்கு செய்யது?"

என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைகளுக்குக் கீழே 'சி.டி. ஸ்கேன், வயிறு' என்றும், பக்கத்தில் 'அவசரம்' என்றும் டாக்டர் எழுதியிருந்தார். கட்டி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அடுத்த வியாழன் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூளையிலிருந்து போகும் ஆர்டர் ஏறக்குறைய பூஜ்யம். கார்ட்டிசால் மும்மடங்கு. ஆண் ஹார்மோன் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. இடது சிறுநீரகத்துக்கு மேலே, ஒரு பெரிய எலுமிச்சை இருக்கும் என்று நான் பயந்த இடத்தில், சாத்துக்குடி அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்பது சென்டிமீட்டர்.

"ஒரே கட்டி இந்த ரெண்டு ஹார்மோனையும் இவ்வளவு வேகமா சுரந்தா, புத்துநோயா இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துப் பரிசோதிச்சாதான் உறுதியாச் சொல்ல முடியும். இப்போதைக்கு வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. உடனே ஆபரேஷன் பண்ணணும்," என்றார் டாக்டர் இஷ்ரத்.

ராமசெல்வி கேட்டாள், அந்தக் கனத்த குரலில், மிகவும் நிதானமாக. "எட்டு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா இது எவ்வளவு இருந்திருக்கும் டாக்டர்?"

"அப்படி அளந்து சொல்ல முடியாதும்மா."

"சின்னதா இருந்திருக்குமா?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார். "இதவிடச் சின்னதாத்தான் இருந்திருக்கும்."

வெளியே வந்து ஆட்டோ ஏறினோம். வழியில் ஒரு சிக்னலில், இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்றபோது, முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க எனக்கு வெஷம் குடுத்ததா நெனச்சுக்கிட்டே எட்டு மாசம் என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுருக்கிய."

"ராமா..."

"குடுக்கல. அது சரி. ஆனா குடுத்ததாத்தான நெனச்சிய? நெனச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஆண் குரலில் பேசியது யார் என்று புரியாமல் மறுபடி பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று முழுதாகத் தெரிந்தும் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் கட்டியை எடுத்தார்கள். முழுதாக, உறை கிழியாமல் வந்தது என்றார்கள். பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். முதலாவது ஜனவரியில். ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர் இஷ்ரத் இன்னொன்றும் சொன்னார். இத்தனை மாதம் கட்டியே அலமாரியை நிரப்பிவிட்டதால், வலது பக்கத்து நல்ல சுரப்பி உண்மையிலேயே தூங்கிவிட்டது. அது விழிக்க ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை கார்ட்டிசாலை மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும். காலையில், மதியம், சாயங்காலம். ஒரு வேளை தவறினாலும் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

சின்ன வெள்ளை மாத்திரை. நான் கத்தரித்து மடித்துக் கொடுத்த அதே குடும்பத்து மருந்து.

நவம்பர் கடைசியில் அவள் மறுபடி கடையில் வந்து உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. தாடி மெதுவாகக் குறையும் என்றார்கள். குரல் திரும்பாது. தடித்துவிட்ட குரல்நாண் மறுபடி மெலியாது.

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுண்ணே," என்றான் தப்ரேஸ்.

"அண்ணன் இல்ல, தப்ரேஸ். அக்கா."

அந்தப் பக்கம் குடோனில் யாரோ பெட்டியை இழுக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"நெசமாவா? இன்னாக்கா ஆச்சு உனுக்கு?"

"இனிமே இதான் என் கொரலு. பழகிக்க. புள்ளைக்கு என்ன பேரு வச்ச?"

"உஸ்மா," என்றான். அழுதுவிடுவான்போல இருந்தது. "அக்கா, அன்னிக்கி நீதான் பேசினியா? நான் வேற அண்ணேன்னு..."

"நல்ல பேரு. இப்ப எழுதிக்க. ஹைட்ரோகார்ட்டிசோன், பத்து மில்லிகிராம். பத்து அட்டை."

"யாருக்குக்கா, இவ்ளோ?"

"எனக்கு."

சாயங்காலமே சரக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து முதல் அட்டையை நான் எடுத்தேன். பழக்கத்தில் என் இன்னொரு கை மேசைமேல் கத்தரிக்கோலைத் தேடியது. அங்கே இல்லை. அவள் மடியில் இருந்தது.

"அட்டைய இங்க குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பி, பெயர் அச்சான ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். பிறகு தேதி. அந்த ஓரத்து மாத்திரையை விட்டுவிட்டு எதிர் ஓரத்திலிருந்து ஒன்றை அழுத்தி எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள். பெயரோடு மீதி இருந்த அட்டையைத் தன் பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வாசலில் யாரோ ஒரு லாரி டிரைவர், "கை வலிக்கு ஒரு செட்டு குடுங்க சார்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள். "செட்டு கெடையாது."

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், குரல் என்னுடையது என்று நினைத்து. நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.